62,400 ரூபாய் கூலி பாக்கி: குடியாத்தத்தில் ஒரு சிறு தொகை வழக்கின் செலவுக் கணக்கு

சிறு தொகைக்குக் கேஸ் போடத் தயங்குகிறவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது, "கோர்ட் ஃபீஸ் கட்டவே காசு போயிடும்" என்பதுதான். இங்கே எழுதப்போகும் வழக்கில் கோர்ட் ஃபீஸ் 1,872 ரூபாய். அதுவும் முழுசாகத் திரும்பப் பெறும்படி ஆனது. செலவு வைத்தவை வேறு சங்கதிகள். செலவு வைக்கப் பார்த்தவை இன்னும் அதிகம்.

இலவசச் சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராக மனு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் இந்த வழக்கை ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டப் பிரிவுகளும் கட்டண விகிதமும் உள்ளபடியே இருக்கின்றன.

பாக்கி வந்த கதை

குடியாத்தத்தில் வீட்டின் முன்னறையில் மூன்று மெஷின் போட்டுத் தைக்கிறார், வழக்குப் போட்ட அக்கா. கூடவே கூலிக்கு இரண்டு பெண்கள். லுங்கிக்குப் பேர்போன ஊரில் தறியை விட்டுத் தையலுக்கு வந்த குடும்பம். 2024 ஏப்ரலில் வேலூர்த் துணிக்கடைக்காரர் ஒருவர் பள்ளிச் சீருடைச் சட்டை 1,600 தைத்துத் தரச் சொன்னார். துணி, பட்டன், லேபிள் எல்லாம் கடையுடையது. வெட்டித் தைத்து, காஜா அடித்து, மடித்துக் கொடுக்கச் சட்டைக்கு 65 ரூபாய் கூலி. துணி கடையின் வேனில் வந்து இறங்கியது. தைத்த சட்டைகளைக் கடை ஆளே குடியாத்தம் வந்து எடுத்துப்போனார்.

மொத்தக் கூலி 1,04,000 ரூபாய். வேலை நடக்கும்போதே ஜிபேயில் பிட்டுப் பிட்டாக 41,600 வந்தது. பள்ளி திறந்ததும் பணம் நின்றது. ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றார் கடைக்காரர். ஆடியும் முடிந்தது. அக்கா நேரில் போய், "இன்னாண்ணே, என்கிட்ட வேலை செய்யற பொண்ணுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். "ஏம்மா, ஓடியா போயிடப் போறேன்?" என்று பதில். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆனால் அக்காவிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. தேதி, பண்டல், 26, 28, 30 என்று சைஸ் வாரியாக எத்தனை சட்டை, ஓரத்தில் எடுத்துப்போன ஆளின் கையெழுத்து. ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்துக்குப் பதில் கடை ரப்பர் ஸ்டாம்பு, பாதி மங்கி. இந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால் கீழே சொல்லும் எந்தச் சிக்கனமும் நடந்திருக்காது. வாட்ஸ்ஆப் உரையாடல் கையில் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அதைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும். அதில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டிய பகுதியும் உண்டு. அது தனிச் செலவு, தனி அலைச்சல். கையெழுத்து வாங்கிய நோட்டுக்கு அந்தச் செலவு இல்லை.

கேட்ட இடமெல்லாம் ஒரு யோசனை

எங்களிடம் வருவதற்கு முன் அக்காவுக்கு நாலைந்து பேர் வழி சொல்லியிருந்தார்கள்.

ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் கம்ப்ளெயின்ட் கொடுக்கச் சொன்னார். கூலி பாக்கி சிவில் விவகாரம். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றம் ஆகும். இங்கே 41,600 ரூபாய் கொடுத்தபின் நிறுத்தியிருக்கிறார், அதனால் மோசடி என்று நிற்காது. ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசிவைப்பார்கள் என்ற நம்பிக்கையில் வாரக்கணக்கில் நடந்தவர்களை எனக்குத் தெரியும். சட்டப்படி போலீசுக்குப் பாக்கி வசூலிக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொருவர், "நுகர்வோர் கோர்ட்ல போடு, அங்க ஃபீஸே கிடையாது" என்றார். பாதி சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லைதான். ஆனால் அங்கே புகார் செய்கிறவர் காசு கொடுத்துப் பொருளோ சேவையோ வாங்கியவராக இருக்க வேண்டும். இந்த விவகாரத்தில் சேவை வாங்கியவர் கடைக்காரர், கொடுத்தவர் அக்கா. உறவு தலைகீழ். ஃபீஸ் இல்லை என்பதற்காக அங்கே போயிருந்தால் எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே இதைத்தான் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நடந்துவிட்டு, "உரிய நீதிமன்றத்தை நாடவும்" என்ற உத்தரவோடு திரும்ப வேண்டியதுதான். ஓசியாகக் கிடைக்கிறதே என்று தப்பான கதவைத் தட்டுவதைப் போல செலவு வைக்கும் சிக்கனம் வேறு இல்லை.

மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர், வக்கீல் அல்ல, கோர்ட் வாசலில் கேஸ் பிடித்துக் கொடுப்பவர். "மன உளைச்சல்னு 2 லட்சம் சேர்த்துப் போடு, அப்பத்தான் அவன் பயப்படுவான்" என்றாராம். மொத்தச் செலவுக்கு 15,000 கேட்டிருக்கிறார். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணம் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம் 1955-இன் 22-ஆம் பிரிவுப்படி, பணம் கேட்கும் வழக்கில் கேட்கிற தொகை மேல்தான் கட்டணம். 62,400 கேட்டால் 1,872. 2,62,400 கேட்டால் 7,872. பயமுறுத்த மட்டும் கூடுதலாக 6,000 ரூபாய். கூலி பாக்கிக்கு மன உளைச்சல் நஷ்டஈடு கிடைப்பது அபூர்வம். கேட்டுக் கிடைக்காத பகுதிக்குக் கட்டிய ஃபீஸ் உங்கள் தலையில்தான். எதிராளியும் பயப்படுவதில்லை, இவர்கள் சும்மா ஏற்றிக் கேட்கிறார்கள் என்று அவருடைய வக்கீலுக்குப் பேசத் தெம்பு கிடைக்கும், அவ்வளவே.

நாலாவது யோசனை "விட்டுடு". அதற்கு அக்காவின் பதிலை இங்கே எழுத முடியாது.

எந்தக் கோர்ட், எவ்வளவு ஃபீஸ்

வெளிநாடுகளில் சிறு தொகை வழக்குக்கென்றே தனிக் கோர்ட்டும் தனிக் கட்டண அட்டவணையும் இருப்பதாகப் படித்துவிட்டு, அதைப்போல இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம் உண்டு. குடியாத்தத்துக்காரருக்கு 62,400 ரூபாய்க்குப் போக வேண்டிய இடம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், எல்லாரும் சொல்கிற முன்சீப் கோர்ட்.

கட்டண விகிதம் 3 சதவீதம். 2017 மார்ச் மாதத்துக்கு முன்பு இது 7.5 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கில் அக்கா 4,680 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். இந்தக் குறைப்பு நடந்து இத்தனை வருடம் ஆகியும் "நூத்துக்கு ஏழரை" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் ரசீதைக் கேளுங்கள்.

வழக்குப் போடும் நாள் வரைக்குமான வட்டியைக் கேட்டால் அதுவும் கட்டணக் கணக்கில் சேரும். போட்ட நாளுக்கு அப்புறம் ஓடும் வட்டிக்கு முன்கூட்டி ஃபீஸ் இல்லை. அக்கா முந்தைய வட்டியை விட்டுவிட்டார். பேசி வைத்த வட்டி விகிதம் எதுவும் இல்லாததால் அதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். ஆனால் வழக்குக்கு முன் கடைக்காரருக்கு அனுப்பிய நோட்டீசில் வட்டி கேட்டு ஒரு வரி எழுதினோம். 1978 வட்டிச் சட்டப்படி, எழுத்துமூலம் கேட்ட தேதியிலிருந்து வட்டி தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. அந்த வரிக்குக் காசு கிடையாது, கடைசிப் பேரத்தில் கை கொடுத்தது.

இங்கே ஒரு விஷயம், அக்காவுக்கு உதவாமல் போனது. அவர் அப்போது உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்திருக்கவில்லை. பதிவு செய்த குறுந்தொழில்காரருக்கு 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் பெரிய ஆயுதம். பேசிய தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. இந்தப் பாக்கித் தகராறுகளைப் பார்க்கும் வசதிப்படுத்தும் கவுன்சிலுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கவுன்சில் உத்தரவை எதிர்த்துப் போக நினைப்பவர் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் தகராறில்லாமல் நிற்கும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்டில் மெஷின் போட்டிருக்கும் எத்தனையோ பேர் இதைச் செய்யாமல் இருக்கிறார்கள். மூன்று மெஷினுக்கு எதற்கு அரசாங்கப் பதிவு என்ற கூச்சம்தான்.

200 ரூபாய் நோட்டீஸ்

நோட்டீஸ் வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அக்கா பேரிலேயே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினோம். என்ன வேலை, எத்தனை சட்டை, எவ்வளவு கூலி, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, 15 நாளில் தராவிட்டால் வழக்கு, அதற்குமேல் வட்டியும் செலவும் கேட்போம். திட்டு இல்லை, புலம்பல் இல்லை. டைப், ஸ்பீடு போஸ்ட், ஒப்புகை எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது.

யார் பேருக்கு அனுப்புவது என்பதில்தான் கொஞ்சம் வேலை இருந்தது. கடைக்கு ஒரு பேர் பலகை. பேசினவர் ஒருவர். ஜிபேயில் வந்த பேர் இன்னொருவருடையது. கடை பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். உரிமையாளரின் சட்டப்பூர்வப் பேர், தனி உரிமையா கூட்டா என்ற விவரம், தொழில் முகவரி, எல்லாம் இலவசமாகத் தெரிந்தது. பேசினவரின் தம்பி பேரில் தனி உரிமைக் கடை. தப்பான ஆளைப் பிரதிவாதியாகப் போட்டுவிட்டு, நடுவில் திருத்த மனு போடுகிற வழக்குகள் ஏராளம். ஒவ்வொரு திருத்தமும் சில வாய்தாக்களைத் தின்னும். இந்தத் தேடலை எந்த வழக்கிலும் முதல் நாளே செய்யச் சொல்வேன்.

ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

ஓசி வக்கீல்

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உரிமை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர், பேரிடரில் பாதிக்கப்பட்டவர் என்று அந்தப் பட்டியல் நீளும். மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு, தமிழ்நாட்டில் அது 3 லட்சம் ரூபாய். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், குடியாத்தம் நீதிமன்றத்தில் வட்டக் குழுவும் இதற்காகவே இருக்கின்றன.

அக்காவிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. வீட்டில் மைத்துனர், "ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?" என்று கேட்டாராம். கேள்வி நியாயமானதுதான். என் அனுபவத்தில் குழுவின் வக்கீல்களிலும் கருத்தாகப் பார்ப்பவர் உண்டு, கடமைக்குச் செய்பவரும் உண்டு. காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களிலும் அப்படித்தான். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், கட்சிக்காரர் காகிதங்களை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தாரா என்பதில். அக்கா கொடுத்தார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெராக்ஸ், ஜிபே வரவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட், எல்லாவற்றையும் தேதி வரிசையில், ஒரே பக்கத்தில் எழுதிய பட்டியலோடு. குழு அமர்த்திய வக்கீலம்மா அந்தப் பட்டியலை அப்படியே வழக்குரையின் பின்னிணைப்பாக்கினார்.

சட்ட உதவி பெறுகிறவரிடம் வக்கீல் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. கோர்ட் ஃபீஸையும் சில்லறைச் செலவையும்கூடக் குழுவே ஏற்கும்படி கேட்கலாம். "அதையாவது நானே கட்டிடறேன்" என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். சரி என்று விட்டுவிட்டோம்.

வழக்குக்கு முன்னால் ஒரு மனு

நேராக வழக்குக்குப் போகவில்லை. வழக்குக்கு முந்தைய மனுவாக, சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எதிராளிக்கு அழைப்பு போகும். இரண்டு பேரும் ஒத்துவந்தால் அங்கே போடும் தீர்வுக்குச் சிவில் கோர்ட் டிகிரியின், அதாவது தீர்ப்பாணையின் பலம் உண்டு, அதன்மேல் அப்பீல் கிடையாது. ஒத்துவராவிட்டால் மனு முடிந்தது, வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கும்.

இரண்டு அழைப்புக்கும் கடைக்காரர் வரவில்லை. வராதவரை இழுத்துவர அந்த மேடைக்கு அதிகாரம் இல்லை. அதனால் இது வீண் வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். செலவு எதுவும் இல்லை, வந்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். வராததும் பிற்பாடு பேச்சில் பயன்பட்டது. ஒன்று மட்டும் கவனம் வேண்டும். காலவரையறை. கூலி பாக்கிக்கு வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. பேச்சு, பஞ்சாயத்து, தவணை வாக்குறுதி என்று இழுத்துக்கொண்டே போய் மூன்றாவது வருடம் கடந்து வருகிறவர்களுக்கு எந்த ஃபீஸ் கட்டியும் பலனில்லை. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

வேலூரா, குடியாத்தமா

கடை வேலூரில். பிரதிவாதி தொழில் செய்யும் இடத்தில் வழக்குப் போடலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இன்னொரு வழியும் தருகிறது. வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி எங்கே நடந்ததோ அங்கேயும் போடலாம். துணி குடியாத்தத்தில் இறங்கியது, வேலை குடியாத்தத்தில் நடந்தது, சட்டைகளைக் கடை ஆள் குடியாத்தத்தில்தான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இதை வழக்குரையில் ஒரு தனிப் பத்தியாக எழுதிக் குடியாத்தம் முன்சீப் கோர்ட்டிலேயே போட்டார் வக்கீலம்மா.

இதில் மிச்சமானது கோர்ட் ஃபீஸைவிட அதிகம். வேலூர் போய்வந்தால் அக்காவுக்கு அன்றைய மெஷின் மூன்றும் நின்றுபோகும், ஏனென்றால் வெட்டிக் கொடுப்பது அவர்தான். உள்ளூர் என்றால் காலையில் வெட்டி வைத்துவிட்டு நடந்தே வரலாம். அதைவிடப் பெரிய மிச்சம், வரவே தேவையில்லை என்று தெரிந்துகொண்டதில் வந்தது. சிவில் வழக்கில் வக்கீல் வைத்த வாதி ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்க வேண்டியதில்லை. சாட்சி சொல்லும் நாள், சமரசப் பேச்சு நாள், கோர்ட் கூப்பிட்ட நாள், இவற்றுக்குப் போனால் போதும். கிரிமினல் கோர்ட்டையும் சிவில் கோர்ட்டையும் குழப்பிக்கொண்டு மாதாமாதம் வேலையைவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். தேதி தெரிந்துகொள்ள இ-கோர்ட்ஸ் ஆப் இருக்கிறது. வழக்குக்குக் கொடுக்கப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா, அன்றைக்கு என்ன நடந்தது, எல்லாம் வந்துவிடும். அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவள் போனில் அதைப் பார்த்துச் சொல்வாள்.

சம்மன் பேட்டா, வக்காலத்து ஸ்டாம்பு, ஜெராக்ஸ் என்று சில்லறைச் செலவுகள் உண்டு. தனித்தனியாகச் சின்னத் தொகைதான். பேட்டா கட்டாமல் விட்டால் சம்மன் போகாது, சம்மன் போகாவிட்டால் வழக்கு அங்கேயே நிற்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் தாமதம் செய்வது அர்த்தமில்லாதது. சரியான முகவரி முன்னமே எடுத்து வைத்திருந்ததால் முதல் சம்மனே சேர்ந்தது.

140 சட்டை கோணல்

பிரதிவாதி வக்கீல் வைத்து எதிர்வுரை தாக்கல் செய்தார். 140 சட்டையில் காலர் கோணல், பள்ளி திருப்பி அனுப்பிவிட்டது, அதனால் 9,100 ரூபாய் கழிக்க வேண்டும். பாக்கித் தொகையை அப்படியே மறுக்கவில்லை. வக்கீலம்மா இதைப் படித்ததும் சிரித்தார். கழிவு போக மீதி 53,300 ரூபாயை ஏன் இத்தனை நாள் தரவில்லை என்பதற்கு அந்த எதிர்வுரையில் பதில் இல்லை.

கடைக்காரர் தரப்பில் யோசித்தாலும் இது விலை கூடிய வழி. தான் ஒப்புக்கொள்கிற தொகையைக் கோர்ட்டில் முதலிலேயே கட்டிவிட்டால் அந்தத் தொகைக்கு வட்டி நிற்கும், சண்டை 9,100 ரூபாயோடு சுருங்கிவிடும். எதிர்க்கோரிக்கையாகத் தனியே நஷ்டஈடு கேட்டிருந்தால் அதற்கு அவரும் வாதியைப் போலவே ஃபீஸ் கட்டியிருக்க வேண்டும். பாக்கி வைத்தவருக்கும் செலவைக் குறைக்கும் வழிகள் சட்டத்தில் இருக்கின்றன, யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் அக்காவுக்குக் கோபம். 140 சட்டையும் என் கண் முன்னாலதான் எண்ணி எடுத்துட்டுப் போனான், ஒண்ணும் திரும்பி வரலை, கேஸை நடத்துங்க, நான் கூண்டில் ஏறிச் சொல்றேன் என்றார். சொன்னால் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜெயித்த பிறகு? டிகிரி கையில் வந்தால் பணம் வந்ததாக ஆகாது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போட வேண்டும். மறுபடி பேட்டா, மறுபடி வாய்தா. ஜப்திக்குக் கோர்ட் ஊழியரான அமீனா போகும்போது, கடை வாடகைக் கட்டடம், சரக்கு மொத்த வியாபாரியுடையது, வண்டி மனைவி பேரில் என்று ஒவ்வொன்றாகத் தகராறு வரும். அப்பீல் வேறு இருக்கிறது. தீர்ப்பில் செலவுத் தொகை சேர்த்துக் கொடுப்பார்கள், உண்மையில் ஆன செலவை அது ஈடுகட்டாது.

வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்த அமர்வு. இந்தமுறை கடைக்காரர் வந்தார், ஏனென்றால் இங்கே பேசி முடிக்காவிட்டால் வழக்கு கோர்ட்டுக்கே திரும்பி டிகிரி வரை போய்விடும் என்று அவர் வக்கீல் சொல்லியிருப்பார். பேச்சு 45,000-த்தில் ஆரம்பித்தது. அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசவே இல்லை. அந்த மங்கிய ரப்பர் ஸ்டாம்புப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினார், அதில்தான் அதிகச் சட்டை. கடைக்காரர், "சரிம்மா, கோணல் பேச்ச விடு" என்றார். 57,000-த்தில் நின்றது. அன்றைக்கே 27,000, மீதி 30,000 மூன்று மாதத் தவணை. ஒரு தவணை தவறினாலும் முழு 62,400 ரூபாயும், நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டியும் உடனே தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. தவணைக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. இது இல்லாவிட்டால் தள்ளுபடியும் கொடுத்துவிட்டு, தவணைக்கும் அலைய வேண்டிவரும்.

5,400 ரூபாயை விட்டுக்கொடுத்தது தோல்வி என்று மைத்துனர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இ.பி.யில் போகக்கூடிய வேலை நாட்களை மட்டும் எண்ணினாலே அந்தத் தொகை கரைந்துவிடும் என்பது என் கணக்கு. கடைக்காரர் கையில் பணம் இருந்து, சொத்து அவர் பேரிலேயே இருந்திருந்தால் நானே கேஸை நடத்தச் சொல்லியிருப்பேன்.

கட்டிய ஃபீஸைத் திரும்பப் பெறும் வழி

மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததால் கட்டிய ஃபீஸ் முழுவதும் திரும்பப் பெறலாம். மாநிலக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு, சமரசத்தில் முடியும் வழக்குகளுக்கு இதைத் தருகிறது. மக்கள் நீதிமன்றம், சமரச மையம் வழியாக முடிந்தால்தான் என்று ஒரு வாதம் முன்பு இருந்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றமே கொண்டுசென்ற ஒரு மேல்முறையீட்டில், இரு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் ஃபீஸ் திரும்பத் தரலாம் என்று சொல்லிவிட்டது. நிறைய பேர் வெளியே பேசி முடித்துவிட்டு, "வழக்கு வேண்டாம்" என்று ஒரு மெமோ போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மெமோவோடு சேர்த்து ஃபீஸ் திரும்பக் கேட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பணம் கோர்ட்டிலேயே எண்ணித் தரமாட்டார்கள். கோர்ட் சான்று தரும், அதை வைத்துக் கலெக்டர் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். உடனே வராது. சான்று வாங்க விண்ணப்பிப்பதை அன்றைக்கே செய்யாமல் விட்டால் அப்புறம் மறந்தே போகும். வக்கீலம்மா தீர்வு கையெழுத்தான அதே நாளில் விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டார்.

ஃபீஸ் நீங்கலாக அக்காவின் கைக்காசு, நோட்டீஸ், ஜெராக்ஸ், பேட்டா, பஸ் எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள். வேலை கெட்ட நாட்கள் தனி. வாசலில் கேஸ் பிடிப்பவரின் திட்டப்படி போயிருந்தால் 15,000-மும் அதிக ஃபீஸும் முதல் மாதமே போயிருக்கும்.

நடுவில் ஒரு ஓவர்லாக் மெஷின்

இந்த வழக்கு நடக்கும்போதே அக்காவுக்கு இன்னொரு தகராறு. 38,500 ரூபாய்க்கு வாங்கிய ஓவர்லாக் மெஷின் மோட்டார் வாரண்டிக்குள் புகைந்தது, சென்னை டீலர் கைவிரித்தார். இது சரியான நுகர்வோர் வழக்கு. தொழிலுக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லும், ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு உதவியாளர் இருந்தாலும் அது மாறாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டீலர் சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது வேலூர் ஆணையத்திலேயே புகார் போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். கம்பெனியிலிருந்து ஆள் வந்து மோட்டாரை மாற்றிவிட்டுப் போனார். மனு எழுதும் வேலையே வரவில்லை.

சீருடைப் பணத்தில் இரண்டாவது தவணை சில நாள் தாமதமாக வந்தது. வக்கீலம்மா கடைக்காரரின் வக்கீலுக்குப் போன் செய்து அந்த நிபந்தனை வரியை ஞாபகப்படுத்தினார், அடுத்த நாளே ஜிபேயில் விழுந்தது. மூன்றாவது சரியான தேதிக்கு வந்தது. 2026 சீசனுக்கு அதே கடை திரும்ப ஆர்டர் கொடுக்கக் கேட்டிருக்கிறது. அக்கா இப்போது உத்யம் பதிவு வைத்திருக்கிறார், பாதிக் கூலி முன்பணமாகக் கேட்கிறார். கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.